அமெரிக்க வீட்டில் டெஸ்ட், ரீசெட் பட்டன் வைத்த பிளக் பாயின்ட்: வந்த அன்றே பார்க்க வேண்டியது

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு எடுத்துச் சாமான்களை இறக்கும் நாளிலேயே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். பாத்ரூம், கிச்சன் மேடை, கராஜ், வெளிச்சுவர் இங்கெல்லாம் நடுவில் இரண்டு சின்னப் பட்டன் வைத்த பிளக் பாயின்ட் இருக்கும். ஒன்றில் டெஸ்ட் என்றும் இன்னொன்றில் ரீசெட் என்றும் எழுதியிருக்கும். அதில் ஒரு நைட் லேம்பைச் செருகிவிட்டு டெஸ்டை அழுத்துங்கள், டக்கென்று விளக்கு அணைய வேண்டும். ரீசெட்டை அழுத்தினால் திரும்ப எரிய வேண்டும். டெஸ்டை அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அந்தப் பாயின்ட் உங்களைக் காப்பாற்றாது. அன்றைக்கே லீசிங் ஆபீஸுக்கு எழுதிப் போடுங்கள். அதன்பிறகும் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அரை நிமிட வேலைதான்.

இதன் பெயர் ஜிஎஃப்சிஐ. ஒரு வயரில் போகும் கரண்டும் மறு வயரில் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 4 முதல் 6 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அந்தக் கரண்ட் வேறு வழியில் தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். அந்த வேறு வழி ஈரக்கையோடு நிற்கும் உங்கள் உடம்பாகவும் இருக்கலாம் அல்லவா, அதனால்தான் ஒரு நொடியில் 40-ல் ஒரு பங்குக்குள் முடித்துவிடுகிறது. மனித உடம்பு எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று ஆராய்ந்த சார்ல்ஸ் டால்சியல் என்ற பெர்க்லி பேராசிரியர் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. 1975 முதல் பாத்ரூம்களுக்கும் 1987-ல் கிச்சன் மேடைக்கும் தேசிய மின் விதிகளில் சேர்ந்தது. ஆனால் பழைய வீடுகளைத் திரும்பப் பிரித்து மாற்ற யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அதனால் 1960-களில் கட்டிய அபார்ட்மென்டில் இது இல்லாமலே இருக்கலாம். இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

நம் ஊர் வீடுகளில் மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்குமே, அதுவும் இதே வேலைதான், ஆனால் வழக்கமாக 30 மில்லி ஆம்பியருக்குத்தான் விழும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர், 'ஊரில் பத்து வருஷம் ஓடிய மிக்ஸி, இங்கே போட்டதும் கரண்ட் போகிறது, பாயின்ட்தான் சரியில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மிக்ஸி ஊரிலேயே கொஞ்சம் கசிந்துகொண்டிருந்திருக்கலாம், அங்கே தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரே சாமானைப் போடும்போது மட்டும் மறுபடி மறுபடி ட்ரிப் ஆனால் சந்தேகப்பட வேண்டியது சாமானை. அப்புறம், 230 வோல்ட் மிக்ஸியை ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினால், ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சுவரில் இருக்கும் ஜிஎஃப்சிஐ பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்காதீர்கள். 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கேயே இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன, அதை வாங்கிவிடுவதே நல்லது.

ஒரு பாயின்ட் செத்துப்போய், பேனலில், அதாவது இங்கத்திய மெயின் போர்டில், எல்லா பிரேக்கரும் ஆனில் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு ஜிஎஃப்சிஐ தனக்குப் பின்னால் இணைத்திருக்கும் சாதாரணப் பாயின்ட்களையும் சேர்த்தே காக்கும், விழுந்தால் அத்தனையும் சேர்ந்து போகும். மாடி பாத்ரூம் பாயின்டுக்கு ரீசெட் பட்டன் கீழே இன்னொரு பாத்ரூமிலோ, கராஜில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலோ இருக்கலாம். எது எதோடு சேர்ந்தது என்று டெஸ்ட் செய்யும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கராஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகப் பாருங்கள், ஊருக்குப் போயிருக்கும்போது ட்ரிப் ஆனால் உள்ளே இருப்பது முழுவதும் கெட்டுப்போகும்.

இது எல்லா ஷாக்கையும் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் தொட்டால், போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்துவிடும், அதன் கணக்கில் எந்தக் குறையும் இருக்காது.

அடுத்தது ஏஎஃப்சிஐ. இது ஆளைவிட வீட்டைத் தீயிலிருந்து காப்பது. பெரும்பாலும் பேனலில் டெஸ்ட் பட்டன் வைத்த பிரேக்கராக இருக்கும். கட்டில் காலுக்குக் கீழே நசுங்கிய வயர், படம் மாட்ட அடித்த ஆணி துளைத்த வயர், பாயின்டுக்குள் தளர்ந்த ஸ்க்ரூ, இந்த இடங்களில் பொறி பறந்துகொண்டே இருக்கும். வயர் அறுந்தும் அறாமலும் இருக்கிற இடத்தில் பொறி வந்தால் கரண்ட் கூடுவதே இல்லை, அதனால் சாதாரண பிரேக்கர் சும்மா இருக்கும். ஏஎஃப்சிஐ கரண்டின் அலை வடிவத்தைக் கவனித்து, பொறிக்கே உரிய அதிர்வு தெரிந்தால் துண்டித்துவிடும். நம் ஊரில் செங்கல், கான்கிரீட் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை உடனே தெரியாது. இங்கே பெரும்பாலான வீடுகளின் எலும்புக்கூடு மரம், தரையில் கார்பெட், சுவருக்குள் ஒரு பொறி பற்றினால் வெளியே தெரிவதற்குள் நிலைமை கைமீறிவிடும். 2002 முதல் புது வீடுகளின் படுக்கையறைகளுக்கு இதைக் கொண்டுவந்தார்கள், பிறகு ஹாலுக்கும் கிச்சனுக்கும் விரிந்தது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மிக்ஸி, வேக்குவம் கிளீனர் போன்றவற்றின் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் இருக்கும், அது ஓடும்போதே சின்னச் சின்னப் பொறி வரும். சில நேரம் அதைப் பார்த்தே ஏஎஃப்சிஐ விழுந்துவிடும். அதே மிக்ஸியை வேறு சர்க்யூட்டில் போட்டுப் பாருங்கள், அங்கேயும் விழுந்தால் மிக்ஸியின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எதுவுமே செருகாமல் விழுந்தால் சுவருக்குள் பார்க்க வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை. பிரேக்கர் பாதியில் நிற்பது போலத் தெரிந்தால் முதலில் முழுவதும் ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

கரண்ட் போவதற்கு மூன்றாவது காரணம் வெறும் ஓவர்லோட். ஒரு சர்க்யூட் 15 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் மொத்தமே 1800 வாட். குளிருக்கு வைக்கும் ஸ்பேஸ் ஹீட்டர் ஒன்றே 1500 வாட். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே செருகாதீர்கள், நேராகச் சுவரில்தான். கொலு வைக்கும்போது ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகி சீரியல் செட் போட்டு, வயர் காலில் தட்டுகிறது என்று கார்பெட்டுக்கு அடியில் விடுவதையும் பல வீடுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். தீபாவளி விளக்கை வெளியே போட்டால் வெளிச்சுவர்ப் பாயின்டில், வெளியே போடுவதற்கென்றே விற்கும் வயரோடு போடுங்கள். மழையில் ட்ரிப் ஆகிறது என்று ஜன்னல் வழியாக ஹாலிலிருந்து வயர் இழுக்காதீர்கள்.

பேனல் முன்னால் அரிசி மூட்டை, சூட்கேஸ் எதையும் அடுக்காதீர்கள், மூன்றடி இடம் காலியாக இருக்க வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துச் செருகுவதும் கூடாது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் ரீசெட் பட்டன்கள் எங்கே என்று காட்டிவிடுங்கள், பகலில் தனியாக இருப்பது அவர்கள்தான். பாயின்ட் சூடாக இருந்தாலோ, உர்ரென்று சத்தம் வந்தாலோ அந்த பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு மெயின்டெனன்ஸுக்குப் போட்டோவோடு எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொன்னதோடு விடாதீர்கள். சுவருக்குள்ளிருந்து கருகல் வாசனையோ புகையோ வந்தால் ரீசெட் எதுவும் அழுத்திப் பார்க்க வேண்டாம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள்.