க்ரோ ஹாப்பா, லீப்பா? பிட்சரின் பிவட் காலைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி

ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்றது, ஆனால் பந்தைக் கீழ்க்கையாக வேகமாக வீசுவார்கள்) ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கத் தொடங்கிய முதல் வருடம், 13 வயதுப் பெண் ஒருத்தி வீசிய பந்துகளில் மூன்றை இல்லீகல் பிட்ச், அதாவது விதி மீறிய வீச்சு என்று அறிவித்தேன். க்ரோ ஹாப் (பின்காலை முன்னால் மறுபடி ஊன்றி இரண்டாவது முறை உந்துவது) செய்கிறாள் என்று முழுமையாக நம்பினேன். அன்று மாலை அவளுடைய கோச் எடுத்திருந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மூன்றில் ஒன்றுகூட க்ரோ ஹாப் இல்லை. இரண்டில் கால்விரல் மண்ணை விட்டு எழும்பவே இல்லை. அதற்கப்புறம் சில வாரங்கள் அந்தப் பெண் பயந்து பயந்து வீசினாள் என்று கேள்விப்பட்டபோது மனசு மிகவும் கஷ்டப்பட்டது. நான் தவறாக அறிவித்ததன் சுமை அவள் தோளில் போய் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு ஒரு வருடம் இதற்காகவே உட்கார்ந்து பழகினேன். அந்த முறையை அப்படியே எழுதுகிறேன். விண்ட்மில் வீச்சு (கையை முழு வட்டமாகச் சுழற்றி வீசுவது) எப்படி இருக்கும், பிவட் கால் (வீசும்போது உந்தும் பின்கால்) எது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த விதிப்புத்தகம் என்று முதலில் கேளுங்கள்

ஒரே அசைவு ஒரு போட்டியில் சரி, இன்னொன்றில் தவறு. முக்கியமான வேறுபாடு லீப் விஷயத்தில்தான். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவது லீப். ஆண்கள் ஃபாஸ்ட்பிட்ச்சில் அது நெடுநாளாகவே அனுமதிக்கப்பட்டது. பெண்கள் ஆட்டத்தில் பல காலம் தடை இருந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு விதி வகுக்கும் என்எஃப்எச்எஸ், 2025 பருவத்திலிருந்து அதை மாற்றிவிட்டது. இப்போது அந்த விதிப்படி பிவட் கால் தரையை விட்டு எழலாம். ஆனால் திரும்ப ஊன்றி, அந்த இடத்திலிருந்து புதிதாக உந்தக் கூடாது.

ஆக, லீப் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். க்ரோ ஹாப் மட்டும் பொதுவாகச் செல்லாது. இதை மனதில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆட்டம் தொடங்கும் முன் போட்டி நடத்துபவரிடம் எந்த விதிப்புத்தகம், எந்த வருடப் பதிப்பு என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 2: வீச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

இது எளிது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிட்சர் கைகள் பிரிந்த நிலையில் பிட்சிங் பிளேட்டில் (அவர் நின்று வீசும், தரையில் பதித்த பலகை) ஏறி, கேட்சரிடம் சிக்னல் வாங்க வேண்டும். பிறகு கைகளைச் சேர்த்து நிறுத்த வேண்டும். என்எஃப்எச்எஸ் விதியில் குறைந்தது 1 விநாடி, அதிகம் போனால் 10 விநாடி. புதிதாக வீசுபவர்கள் பதற்றத்தில் இந்த நிறுத்தத்தைத்தான் விழுங்கிவிடுவார்கள். முன்னால் எடுத்து வைக்கும் அடி, பிட்சிங் பிளேட்டின் 24 அங்குல அகலத்துக்குள் விழ வேண்டும். பந்தை விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிட உடலுக்கு வெளியே போயிருக்கக் கூடாது. கை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது.

இவை எல்லாம் கேட்சருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயருக்கு நேராகத் தெரியும். அவருக்குச் சரியாகத் தெரியாதது ஒன்றே ஒன்று, பிவட் கால்.

படி 3: பிவட் கால்

நான் தடுமாறிய இடம் இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

விதிப்படி பிட்சர் பிளேட்டிலிருந்துதான் உந்த வேண்டும். உந்திய பிறகு பிவட் கால் பின்னாலேயே இழுபட்டு வரலாம். க்ரோ ஹாப் என்றால், அந்தக் கால் பிளேட்டை விட்டு முன்னால் வந்து, மறுபடி தரையில் ஊன்றி, அங்கிருந்து இரண்டாவது முறை உந்துவது. பிளேட்டுக்கு முன்னால் இன்னொரு பிளேட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி. பேட்டருக்கு 43 அடி தூரம் என்று பெண்களுக்கான என்எஃப்எச்எஸ் விதி சொல்கிறது, ஆனால் பந்து அதைவிடக் கிட்டத்திலிருந்து புறப்படுகிறது. மணிக்கு 60 மைல் வேகப் பந்து கையை விட்டு பேட்டரை அடைய அரை விநாடிகூட ஆகாது. அதில் ஓர் அடி குறைந்தாலும் அடிப்பவருக்கு அது இழப்புதான்.

நான் செய்துகொண்டிருந்த பிழை இது: கால் தரையை விட்டு எழுகிறதா என்று மட்டும் பார்த்தேன். எழுந்தால் க்ரோ ஹாப் என்று முடிவு கட்டினேன். உண்மையில் பார்க்க வேண்டியது கால் எழுந்ததை அல்ல, இறங்கிய பின் என்ன செய்கிறது என்பதை.

மூன்று அடையாளங்கள் எனக்குக் கைகொடுத்தன.

முதலாவது முழங்கால். க்ரோ ஹாப்பில் பிவட் கால் தரையில் இறங்கியதும் முழங்கால் மறுபடி மடங்கும், உடல் எடை அதன் மேல் உட்காரும், பிறகு நிமிரும். இந்த 'மடங்கி நிமிர்வது'தான் இரண்டாவது உந்தல். வெறும் லீப்பில் முழங்கால் அப்படி மடங்காது. கால் இறங்கி, விரல்நுனி மண்ணில் உரசியபடி பின்தொடரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, எந்தக் கால் உடலைத் தாங்குகிறது என்பது. க்ரோ ஹாப்பில் பிவட் கால் முதலில் பாரத்தோடு ஊன்றும், அதற்கப்புறம் முன்கால் நீண்டு போய் விழும். பாரமே இல்லாமல் கால் பின்னால் வருகிறது என்றால் அது க்ரோ ஹாப் அல்ல.

மூன்றாவது மண். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஏனென்றால் மண் பொய் சொல்லாது. பயிற்சியின்போது பிளேட்டுக்கு முன்னால் ஆறேழு அடி நீளத்துக்கு மண்ணைச் சமமாக வாரிவிடுங்கள். பிட்சரை ஒரே ஒரு பந்து வீசச் சொல்லுங்கள். பிளேட்டிலிருந்தே தொடங்கும் ஒரு கோடு தெரிந்தால் கால் இழுபட்டிருக்கிறது. கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு மெல்லிய கோடு தொடங்கினால் லீப். இடைவெளிக்குப் பிறகு ஆழமான ஒரு பள்ளமும், அதில் மண் பின்புறமாகத் தள்ளப்பட்டும் இருந்தால், அங்கேதான் அவர் மறுபடி உந்தியிருக்கிறார். ஒவ்வொரு பந்துக்கும் மண்ணைத் திரும்ப வாரிவிட மறக்காதீர்கள், பழைய தடம் ஏமாற்றிவிடும்.

படி 4: வீடியோ எடுப்பது

சாதாரண வீடியோ விநாடிக்கு 30 ஃபிரேம். அதில் கால் ஊன்றும் தருணம் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தொலைந்துவிடும். போனில் ஸ்லோ மோஷனை விநாடிக்கு 240 ஃபிரேமில் வைத்து எடுங்கள். 120 போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், முழங்கால் மடங்குவது 240-இல்தான் தெளிவாகத் தெரிகிறது. இதற்காகத் தனி கேமரா எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஒரு ட்ரைபாட் கட்டாயம் வேண்டும். கையில் பிடித்து எடுத்தால் ஆடுவது கேமராவா காலா என்று தெரியாது.

கேமரா எந்தப் பக்கம் என்பது முக்கியம். வலக்கைப் பிட்சர் வீசும்போது உடல் தேர்ட் பேஸ் பக்கம், அதாவது அவருடைய வலப்புறம் திறக்கும். அந்தப் பக்கத்தில் நின்றால் பிவட் கால் மறைவில்லாமல் தெரியும். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்திலிருந்து எடுத்தால் முன்கால் மறைத்துவிடும். பயிற்சியில் 15 முதல் 20 அடி தள்ளி, பிளேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், முழங்கால் உயரத்தில் வையுங்கள். முகம் படத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. சிறுவர் சிறுமியரை எடுக்கும்போது பெற்றோரிடமும் கோச்சிடமும் முதலில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இப்படி ஐம்பது, அறுபது வீச்சுகளை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்த பிறகு, முழு வேகத்திலும் கண் பழகிவிடுகிறது. எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

படி 5: மைதானத்தில் அறிவிப்பது

இல்லீகல் பிட்ச் என்றதும் ஆட்டத்தை நிறுத்திவிடக் கூடாது. இது டிலேட் டெட் பால், அதாவது அந்த ஆட்டம் முடிந்த பிறகே தீர்ப்பு. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முஷ்டியை மடக்கி, வாயால் "இல்லீகல் பிட்ச்" என்று சொல்லுங்கள். ஆட்டம் ஓடட்டும். பேட்டர் அடிக்காமல் விட்டால் அவர் கணக்கில் ஒரு பால் (பேட்டருக்குச் சாதகமாக எண்ணப்படும் தவறான வீச்சு). அடித்து, ஃபர்ஸ்ட் பேஸைப் பத்திரமாக அடைந்து, மற்ற ரன்னர்களும் ஆளுக்கு ஒரு பேஸாவது முன்னேறிவிட்டால் அறிவிப்பு ரத்து, ஆட்டத்தின் முடிவே நிற்கும். அப்படி நடக்காவிட்டால் அடிக்கும் அணியின் கோச் தேர்ந்தெடுக்கலாம்: ஆட்டத்தின் முடிவா, தண்டனையா.

முன்பெல்லாம் தண்டனை என்றால் பேட்டருக்கு ஒரு பால், அதோடு எல்லா ரன்னர்களும் ஒரு பேஸ் முன்னே. என்எஃப்எச்எஸ் விதியில் இப்போது பால் மட்டும்தான், ரன்னர்கள் நகர்வதில்லை. இது கோச்சின் முடிவை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். தேர்ட் பேஸில் ஒரு ரன்னர். இல்லீகல் பிட்ச்சைப் பேட்டர் உயர அடிக்கிறார், கேட்ச் ஆகிறது, ரன்னர் ஓடி வந்து ரன் எடுக்கிறார். பழைய விதியில் கோச் யோசிக்கவே வேண்டாம், தண்டனையை எடுத்தால் ரன்னும் கிடைக்கும், பேட்டரும் அவுட் இல்லை. புதிய விதியில் தண்டனையை எடுத்தால் ரன்னர் தேர்ட் பேஸுக்கே திரும்ப வேண்டும். ரன்னை வைத்துக்கொண்டு அவுட்டை ஏற்பதா, பேட்டரைத் திரும்ப நிறுத்துவதா? அவசரப்படுத்தாமல் இரண்டையும் தெளிவாகச் சொல்லி, கோச்சுக்கு யோசிக்க நேரம் கொடுங்கள்.

என் கருத்து ஒன்று: சின்ன வயது ஆட்டங்களில் முதல் முறையே அறிவிப்பில் இறங்காதீர்கள். இன்னிங்ஸுக்கு முன் வீசும் வார்ம்-அப் பந்துகளிலேயே காலைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கோச்சிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பிட்சரிடம் நேராகப் போய்ப் பேசாதீர்கள். ஆட்டத்தில் க்ரோ ஹாப் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அறிவியுங்கள். சந்தேகம் இருந்தால் அறிவிக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: உள்ளரங்கில் ரப்பர் பாயில் வீசும்போது மண் தடம் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஷூ முனையில் சாக்பீஸ் தூள் தடவிப் பாருங்கள், கோடு விழும். காதும் உதவும்: இழுபடும் கால் சரசரவென்று ஒலிக்கும், ஊன்றும் கால் தட்டென்று.

பின்சேர்க்கை 2: பிவட் கால் பிளேட்டின் மேலேயே பக்கவாட்டில் நகர்கிறது, அது தவறா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பிளேட்டைத் தொட்டபடியே நகர்ந்தால் தவறில்லை.

பின்சேர்க்கை 3: இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். நாலைந்து இன்னிங்ஸ் போனால் பிளேட்டுக்கு முன்னால் பெரிய குழி விழுந்துவிடும். உந்தும் முன்பே கால் அந்தக் குழிக்குள் சரிந்துவிடுவதால், ஒழுங்காக வீசும் பிட்சர்கூட பிளேட்டுக்கு முன்னாலிருந்து உந்துவது போல் தெரிவார். யார் மீதாவது இல்லீகல் பிட்ச் அறிவிப்பதற்கு முன் இன்னிங்ஸ் இடைவெளியில் அந்தக் குழியை மண் போட்டு மிதித்துச் சமன் செய்யச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள்.