சூடேறும் ஆக்சைடுப் படிகம்: அதிர்வுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சூடாக்கினால் அணுக்கள் வேகமாக அதிரும்" என்று பள்ளியில் படித்தோம். ஆக்சைடுப் படிகத்தின் ராமன் நிறமாலையை (லேசர் ஒளி படிகத்தில் சிதறும்போது அணு அதிர்வுகளால் அதன் நிறம் மாறுவதன் பதிவை) ஆராய வருபவரை முதலில் இடறவைப்பது இந்த வாக்கியம்தான். வெப்பநிலை ஏறும்போது கூடுவது அதிர்வின் வீச்சு, அதாவது ஒவ்வோர் அதிர்வுமுறையிலும் உள்ள ஃபோனான்களின் (அதிர்வு ஆற்றலின் சிறு பொட்டலங்களின்) எண்ணிக்கை. நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு பெரும்பாலும் சற்றுக் குறையவே செய்கிறது. அதனால்தான் சூடாக்கச் சூடாக்க நிறமாலைக் கோடுகள் தாழ்ந்த அலையெண் (செ.மீ.⁻¹ அலகில் சொல்லப்படும் அதிர்வெண்) பக்கம் நகர்கின்றன.

ஏன் குறைகிறது என்று கேட்டால், "படிகம் விரிகிறது, பிணைப்பு தளர்கிறது" என்ற விடை உடனே வரும். அது பாதி உண்மை. கன அளவைக் கூட்டாமல் குறைக்காமல் பிடித்து வைத்தாலும் அதிர்வெண் மாறும். ஃபோனான்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஒன்று இரண்டாகச் சிதைகிறது. அனடேஸ் வடிவ டைட்டானியம் டைஆக்சைடைப் பாருங்கள். அதன் 144 செ.மீ.⁻¹ கோடு, படிகம் விரியும்போதே மேல்நோக்கி நகர்கிறது! விரிவை மட்டும் நம்பினால் இதற்கு விளக்கமே கிடையாது. இரு பங்குகளையும் பிரிக்க, அழுத்தத்தின் கீழ் அதே கோடு எவ்வளவு நகர்கிறது என்ற அளவீடும் வெப்ப விரிவுக் குணகமும் வேண்டும். அவை இல்லாமல் முழு நகர்வையும் ஒரே காரணத்தின் தலையில் ஏற்றுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன்.

அறை வெப்பநிலையை "உயர் வெப்பநிலை" என்று எண்ணிக்கொள்வது இன்னொன்று. ஆக்சிஜன் இலேசான அணு, பிணைப்போ வலிமையானது. ஆகவே ஆக்சைடுகளில் பல அதிர்வுகள் 300 கெல்வினிலும் முழுமையாக விழிப்பதில்லை. மக்னீசியம் ஆக்சைடின் மோலார் வெப்பக் கொள்திறன் அறை வெப்பநிலையில் சுமார் 37 ஜூல்/கெல்வின். எல்லா அதிர்வுகளும் முழுமையாக விழித்திருப்பதாகக் கொள்ளும் பழைய டூலாங்–பெட்டி விதி சொல்வதோ ஏறத்தாழ 50. 500 செ.மீ.⁻¹ அதிர்வில் 300 கெல்வினில் சராசரியாக 0.1 ஃபோனான்தான் இருக்கும். 100 கெல்வினில் அதுவும் இல்லையென்றே சொல்லலாம். இதனால் தாழ் வெப்பநிலையில் கோட்டின் நகர்வு தட்டையாகிவிடும். உயர் வெப்பநிலைப் புள்ளிகள் வழியே வரைந்த நேர்கோட்டைச் சுழி கெல்வின் வரை நீட்டினால், உண்மையைவிட உயர்ந்த அதிர்வெண் கிடைக்கும்.

படிகத்தின் அமைப்பே மாறும் நிலைமாற்றத்துக்கு அருகில் இந்தப் பொது விதிகளும் போதா. 573 பாகை செல்சியஸில் வடிவம் மாறும் குவார்ட்ஸை நோக்கி வெப்பநிலை ஏறும்போது ஒரு தாழ் அதிர்வெண் கோடு அகன்று, கீழே சரிவதை சி.வி. ராமனும் நெடுங்காடியும் 1940-இல் கண்டார்கள். மென்முறை (நிலைமாற்றத்தை நெருங்க நெருங்க அதிர்வெண் சரியும் அதிர்வுமுறை) என்று பின்னாளில் பெயர்பெற்ற நடத்தை அது. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் இரண்டு மென்முறைகள் உள்ளன. மாணவர்கள் அவற்றை ஒன்றாக்கிக் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். 105 கெல்வினில் உறைவது ஆக்சிஜன் எண்முகங்களின் (ஆறு ஆக்சிஜன் அணுக்கள் அமைக்கும் எட்டு முக வடிவங்களின்) சுழற்சி. மின்முனைவு (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்றல்) தரும் மற்றொரு முறை, குளிர்விக்கக் குளிர்விக்க மென்மையாகிக்கொண்டே வந்தும் அதன் அதிர்வெண் சுழியை எட்டுவதில்லை; குவாண்டம் அலைவுகள் (சுழி கெல்வினிலும் ஓயாத அணு அசைவுகள்) தடுத்துவிடுகின்றன.

கடைசியாக, அடுப்பின் வெப்பமானி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கரிய ஆக்சைடுகள் லேசர் ஒளியை உறிஞ்சி, ஒளி விழும் இடத்தில் தனியாகச் சூடேறும். மேக்னடைட்டின் மேல் வலுவான லேசரைப் பாய்ச்சினால் அது ஹெமடைட்டாகவே மாறிவிடும். வெப்பநிலை விளைவு என்று நீங்கள் பதிவுசெய்வது வேறொரு பொருளின் நிறமாலையாக இருக்கும். லேசர் திறனைப் பாதியாக்கி மீண்டும் அளந்து பாருங்கள். கோடு நகர்ந்தால் சூடேற்றம் இருக்கிறது. சிதறும் ஒளி அதிர்விடமிருந்து ஆற்றலைப் பெற்றால் ஆன்ட்டி ஸ்டோக்ஸ் கோடு, அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தால் ஸ்டோக்ஸ் கோடு; இவ்விரண்டின் செறிவுகளின் விகிதத்திலிருந்து அந்தப் புள்ளியின் வெப்பநிலையையே கணிக்கலாம். ஆனால் லேசரின் ஆற்றல் பொருளின் மின்னணு உறிஞ்சலோடு ஒத்திசைந்தால் அந்த விகிதம் பிறழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.