முதல் டிஸ்க் வாங்குவது எப்படி: மஞ்சப்பை முறை

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை எனக்கு. ஒரே துணி, ஒரே தையல்தான் இருக்கும், கழுத்து லேபிள் மாறினால் விலை எங்கோ போய்விடும். இதைத் தினமும் பார்க்கிற நானே, டிஸ்க் கால்ஃப் ஆட (தட்டை வீசிக் கூடையில் போடுகிற ஆட்டம்) என் முதல் டிஸ்க்கை, அதாவது வீசுதட்டை, கழுகுப் படத்துக்காக வாங்கினேன். வானவில் மாதிரி மின்னுகிற ஃபாயில் அச்சு. காங்கேயம் பக்கம் மாமனாரின் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) வீசினால், கிளம்பிய வேகத்தில் இடதுபக்கம் மடங்கிக் கிளுவை வேலியில் போய்ச் சொருகிக்கொள்ளும்.

டிஸ்க் கால்ஃப் விதியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கூடைக்குப் பதில் எங்களுக்கு வெள்வேல மரம், அவ்வளவுதான்.

படி 1: படத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்

ஸ்பீடு (எவ்வளவு வேகமாக வீச வேண்டும்), கிளைடு (எவ்வளவு மிதக்கும்), டர்ன் (வேகத்தில் ஒரு பக்கம் சாய்வது), ஃபேடு (வேகம் குறைந்ததும் எதிர்ப்பக்கம் மடங்குவது) என்று நாலு எண்கள் இருக்கும். என் கழுகின் ஸ்பீடு 12. அந்த வேகத்தைக் கை கொடுக்காவிட்டால் டர்ன் வேலை செய்யாது, ஃபேடு மட்டும்தான் மிஞ்சும். வலது கையால் பேக்ஹேண்டு (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்) வீசுகிறவருக்கு அது இடதுபக்கம். முதலில் 7-க்கு மேல் போகவே வேண்டாம். இன்னோவா கம்பெனியின் லெப்பர்டு (6, 5, -2, 1) அல்லது டிஸ்கிராஃப்ட் கம்பெனியின் பஸ் (Buzzz; 5, 4, -1, 1) போதும். என்னைக் கேட்டால் லெப்பர்டு.

படி 2: மஞ்சப்பை

நண்பர்களின் டிஸ்க்குகளை இரவல் வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டு, பார்க்காமல் கையை விட்டுப் பிடித்துப் பாருங்கள். விளிம்பு விரலுக்கு அடங்குகிறதா, வழுக்குகிறதா? என் கழுகை நானே இரண்டு முறை வேண்டாமென்று ஒதுக்கினேன்.

படி 3: அச்சை அழித்து வீசுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் ஃபாயில் வந்துவிடும் என்றார்கள். நான் முதலில் தேய்த்தது விலை குறைந்த சாதா பிளாஸ்டிக்கில். அச்சு ஈஷிக்கொண்டு மேல்பக்கம் பிசுபிசுத்துப் போனது. உயர்ரக பிளாஸ்டிக்கில் மட்டும் செய்யுங்கள், அதுவும் சொந்த டிஸ்க்கில். அடியில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதிவிட்டு, எடுத்துக் கொடுக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் எடுத்துக் கொடுத்தான், நான் மரத்தை மட்டும் பார்த்து வீசினேன். ஒவ்வொன்றும் 10 தடவை. விழுந்த இடத்திலிருந்து மரத்துக்கு எத்தனை அடி என்று அவனே எண்ணி எழுதினான். ஜெயித்தது அழுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு மொட்டை டிஸ்க்.

பெயருக்கும் காசு உண்டு. 2021-இல் டிஸ்கிராஃப்ட், டிஸ்க் கால்ஃப் சாம்பியன் பால் மெக்பெத்துடன் 10 ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அவர் பெயர் போட்ட டிஸ்க் நம் கையில் அவர் மாதிரி பறக்காது. அச்சு பிசகியதற்காகக் கழித்துக்கட்டிய டிஸ்க்கை இன்னோவா ‘எஃப்2’ என்று மலிவாக விற்கிறது. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பொறுக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

படி 4: நிறத்தை மட்டும் விடாதீர்கள்

மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப் புல்லில் பச்சை டிஸ்க் ஒன்றைத் தொலைத்தேன். கோடையில் புல் காய்ந்ததும் மஞ்சளைத் தேடி அரைமணி நேரம் போனது. ஜெயித்த அந்த வெள்ளையும் காய்ந்த புல்லில் சரிப்படவில்லை. இரண்டு காலத்துக்கும் கண்ணில் அடிக்கிற ரோஸ்தான் சரி. மச்சான் சிரிப்பான், சிரிக்கட்டும்.

பின்சேர்க்கை: பிடித்த நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தடவினால் தட்டுப்படுகிற கனத்தில் பெயிண்ட் இருந்தால் போட்டியில் செல்லாது. சாயம் ஏற்றலாம். ஆனால் டையிங் பட்டறையிலிருந்து காட்டனுக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்தை வாங்கி வந்துவிடாதீர்கள், பிளாஸ்டிக்கில் ஏறாது. பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம் என்று கேளுங்கள்.