பழைய ரைஃபிளுக்குப் புதுக் குழலா? முதலில் போல்ட்டைப் பாருங்கள்

ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் தாத்தா காலத்து லைசென்ஸ் ரைஃபிள் ஏதாவது இருந்து, தேய்ந்த குழலை மாற்றும்போதே வேறு தோட்டாவுக்கும் மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. (வேட்டைக்கு இல்லை சாமி, அது 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்த கதை.)

போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் உருளை) கழற்றி, தோட்டாவின் அடிப்பாகம் உட்காரும் முகப்பை அளந்து பாருங்கள். .30-06, .270, .243, 8×57 மவுசர் ஆகிய தோட்டா வகைகள் எல்லாவற்றுக்கும் அடிப்பாக விட்டம் ஏறக்குறைய 12 மி.மீ. தான். இவற்றுக்குள் மாறினால் போல்ட்டில் கைவைக்கவே வேண்டாம். .375 மேக்னம் 13.5 மி.மீ.; முகப்பைக் கடையணும், செலவு எகிறும். நம்ம இஷாப்பூர் தொழிற்சாலை .315 ரைஃபிளுக்கு விளிம்பு வைத்த தோட்டா (அடித்தட்டு உடலை விட வெளியே நீட்டியிருக்கும்). அதை விளிம்பில்லாததற்கு மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் அறை) நீளம். .30-06 முழுத் தோட்டா சுமார் 85 மி.மீ., .243 சுமார் 69. நீள ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறியமைப்பு) குட்டைத் தோட்டா ஓடும். குட்டையில் நீளம் நுழையாது.

மவுசர் என்றால் 98 மாடலாகப் பாருங்கள். அதற்கு முந்தைய 93, 95 மாடல்களில் மூன்றாவது பாதுகாப்பு லக் (போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் புடைப்பு) கிடையாது. அழுத்தம் கூடிய தோட்டாவை அவை தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

மலை மூட்டத்திலேயே கிடந்த துப்பாக்கியா? மரக்கட்டையைக் கழற்றி ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு அம்மைத் தழும்பாகக் குழித்திருக்கும். குழியில் நகம் மாட்டினால் அந்த ரைஃபிளுக்குக் காசு போடாதீர்கள்.

வேலையை 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். குழல் அளவு மாறுவதால் முன்கூட்டியே சேலம் கலெக்டர் ஆபீஸில் கேட்டுவிடுங்கள். .303 போன்ற ராணுவ அளவுகள் பக்கமே போகாதீர்கள்.