உருகுநிலையைக் கொண்டு மாசை அறிதல்

ஒரு திண்மம் தூயதா, மாசு கலந்ததா என்பதை அறிய ஆய்வகத்தில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை, அதன் உருகுநிலையை அளப்பதாகும். ஆயினும் பலர் உருகத் தொடங்கிய வெப்பநிலையை, அல்லது உருகி முடிந்த வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த ஒற்றை எண்ணை அட்டவணையில் உள்ள மதிப்போடு ஒப்பிட்டு நிறுத்திவிடுகின்றனர். மாசைப் பற்றிய செய்தியில் பாதி, அவ்விரண்டு வெப்பநிலைகளுக்கும் இடையே உள்ள வீச்சில் இருப்பதால், இரண்டையும் குறிக்காத அளவீட்டால் பயன் குறைவு.

தூய பொருளின் உருகுநிலையில் திண்மமும் அதன் உருகிய திரவமும் சமநிலையில் இருக்கும். மாசு அந்தத் திரவத்தில் கரையும். ஆனால் படிகத்தின் ஒழுங்கான அமைப்புக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. எனவே திண்மம் அப்படியே இருக்க, திரவம் மட்டும் மாசால் நீர்த்து, முன்னினும் நிலைத்தன்மை பெறுகிறது. சமநிலை தாழ்ந்த வெப்பநிலைக்கு நகர்கிறது. வீச்சு அகல்வதற்கும் காரணம் இதுவே. முதலில் தோன்றும் சிறு துளியில் மாசு முழுவதும் செறிந்திருப்பதால் அது மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருவாகிவிடுகிறது. மேலும் மேலும் படிகம் உருகி அத்துளியில் சேரச் சேர, மாசின் செறிவு குறைந்து, எஞ்சிய படிகத்தை உருக்கத் தேவைப்படும் வெப்பநிலை படிப்படியாக உயர்கிறது. கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலைதான் மாசின் மொத்த அளவோடு நேரடியாகத் தொடர்புடையது. மாசு மிகக் குறைவாக இருந்தால் முதல் துளி கண்ணுக்கே புலப்படாது போகலாம்.

எவ்வளவு தாழும் என்பது மாசின் எடையை அல்ல, மோல் அளவையே, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே சார்ந்தது. 80.2 டிகிரி செல்சியஸில் உருகும் நாப்தலீனில் 1 மோல் விழுக்காடு மாசு கரைந்தால் உருகுநிலை ஏறத்தாழ 0.55 டிகிரி தாழும். கற்பூரத்துக்கு உருகல் வெப்பம் (உருகத் தேவைப்படும் வெப்ப ஆற்றல்) மிகக் குறைவு என்பதால் அதே அளவு மாசு ஏறத்தாழ 2.5 டிகிரி வரை தாழ்த்திவிடும். மூலக்கூறு எடையைக் கணக்கிட 1922-இல் கார்ல் ராஸ்ட் கற்பூரத்தைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இப்பண்புதான். மோல் கணக்கின் விளைவை மறந்துவிடக் கூடாது: பென்சாயிக் அமிலத்தில் கரைப்பானாகப் பயன்பட்ட எத்தனால் எடையளவில் 1 விழுக்காடு தங்கினால், மோல் அளவில் அது 2.6 விழுக்காடாகும். சரியாக உலராத மாதிரி பெரும்பாலும் மோசமான உருகுநிலையைக் காட்டுவது இதனால்தான்.

ஆகவே அளவீட்டின் முதல் படி, மாதிரியை நன்கு உலர்த்தி, மெல்லிய தூளாக அரைப்பது. ஒரு முனை மூடிய நுண்குழாயில் அத்தூளை 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும் நிரப்பி, மேசைமேல் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். அதிகமாக நிரப்பினால் தூய பொருளும் அகன்ற வீச்சைக் காட்டும். திரவ பாரஃபின் எண்ணெய் நிரப்பிய தீலே குழாயை (மாதிரியைச் சீராகச் சூடாக்க உதவும், பக்கக் கிளையுள்ள கண்ணாடிக் குழாய்) பயன்படுத்துபவர்கள், மாதிரி வெப்பமானியின் குமிழுக்கு ஒட்டி நிற்குமாறும், நுண்குழாயைக் கட்டும் ரப்பர் வளையம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்குமாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு 15 டிகிரி கீழே வரும்வரை விரைவாகச் சூடாக்கலாம்; அதன் பிறகு நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. இந்தப் பொறுமையைத் தவிர்ப்பவர்களுக்குக் கிடைப்பது பொருளின் வீச்சன்று, அவசரத்தின் வீச்சு. தூள் சுருங்குவதை உருகல் எனக் கொள்ளாமல், முதல் திரவத் துளி தோன்றுவதையும் கடைசிப் படிகம் மறைவதையும் குறிக்க வேண்டும். ஒருமுறை உருகிய மாதிரியை மீண்டும் பயன்படுத்தாமல் புதிய குழாயை எடுப்பது நல்லது. வெப்பமானியையும் முன்னதாகவே, 122 டிகிரியில் உருகும் பென்சாயிக் அமிலம் போன்ற தூய பொருளைக் கொண்டு சரிபார்த்திருக்க வேண்டும்.

வீச்சு 1 டிகிரிக்குள் அடங்கி, அட்டவணை மதிப்போடும் பொருந்தினால் மாதிரியைத் தூயதாகக் கொள்ளலாம். வீச்சு அகன்று, மதிப்பும் தாழ்ந்தால் கரையும் மாசு உள்ளது. வீச்சு குறுகியிருந்தும் மதிப்பு வெகுவாகத் தாழ்ந்தால், கையிலிருப்பது வேறு பொருளாகவோ, ஒரே வெப்பநிலையில் கூர்மையாக உருகும் யூடெக்டிக் கலவையாகவோ இருக்கலாம். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் சேர்ந்த பற்றாசு, அவ்விரு உலோகங்களின் உருகுநிலைகளுக்கும் கீழே, 183 டிகிரியில் உருகுவது இவ்வகையே. மணல், வடிதாள் நார் போன்ற கரையாத மாசுகள் உருகுநிலையை மாற்றுவதில்லை. உருகிய திரவம் தெளியாமல் நிற்பதே அவற்றின் அடையாளம்.

மாசைக் கண்டு நாம் அஞ்சும் இதே பண்பை ஒரு பொருளை அடையாளம் காணவும் பயன்படுத்தலாம். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே ஏறத்தாழ 133 டிகிரியில் உருகுபவை என்பதால், அடையாளம் தெரியாத தூள் அவற்றுள் எது என்பதை உருகுநிலை மட்டும் சொல்லாது. அத்தூளுடன் தெரிந்த யூரியாவைச் சேர்த்து அரைத்து, தனித்தூள், தனி யூரியா, கலவை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அருகருகே சூடாக்க வேண்டும். தூள் யூரியாவாக இருந்தால் மூன்றும் ஒன்றாக உருகும். சின்னமிக் அமிலமாக இருந்தால் கலவை வெகு முன்னதாகவே உருகிவிடும். ஒரே விகிதத்தை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று விகிதங்களில் கலந்து பார்ப்பது பாதுகாப்பானது.

மாசு எப்போதும் உருகுநிலையைத் தாழ்த்தும் என்று விதியாக எழுதிவிடவும் முடியாது. இரண்டு பொருள்கள் ஒன்றின் படிகத்துக்குள் மற்றது இடம்பெறும் திண்மக் கரைசலாக அமைந்தால், உருகுநிலை உயரவும் கூடும். 1085 டிகிரியில் உருகும் செம்பில் 1455 டிகிரியில் உருகும் நிக்கலைச் சேர்த்தால் நிகழ்வது அதுவே.

மாசு உள்ளதென உறுதியானால், பொருளைத் தகுந்த சூடான கரைப்பானில் கரைத்து, ஆறவிட்டு மறுபடிகமாக்கி, உலர்த்தி, மீண்டும் அளக்க வேண்டும். அடுத்தடுத்த இரு மறுபடிகமாக்கல்களுக்குப் பின்னும் வீச்சு மாறாமலிருந்தும், மதிப்பு இன்னும் பொருந்தவில்லையெனில், அதே கரைப்பானைத் தொடர்வதில் பயனில்லை; மாசும் பொருளோடு சேர்ந்தே படிகமாகிறது என்று கருதி, வேறு தன்மையுள்ள கரைப்பானுக்கு மாற வேண்டும்.