மட்டக்களப்பில் வீடு பார்க்கிறீர்களா? சுவரைக் கேளுங்கள்

வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். கூரைக்கு அடியில் ஊர்ந்தும் சுவரைக் கொத்தியும் பார்த்த ஊர் இது. இடமாற்றம் கிடைத்து வரும் உத்தியோகத்தர்களும் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களும் "எந்தப் பக்கம் நல்லது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. தரகரிடம் கேட்டால் எல்லாப் பக்கமும் நல்லதுதான்.

முதலில் மாதம். ஆடி, ஆவணியில் பார்த்த வீட்டுக்கு அந்த மாதத்திலேயே முற்பணம் கொடுக்காதீர்கள். அப்போது ஊர் முழுவதும் காய்ந்த மணல். எல்லா ஒழுங்கையும் ஒரே மாதிரித்தான் தெரியும். கார்த்திகையில் மழை இறங்கிய பிறகுதான் எது வடிகிற ஒழுங்கை, எது தேங்குகிற ஒழுங்கை என்பது வெளிச்சமாகும். நமக்கு ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. மழை விடாமல் கொட்டினால் வாவி நிறைந்து நிற்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அடைத்து நிற்கும் மணலை வெட்டிவிட்டால்தான் நீர் கடலுக்கு இறங்கும். அதுவரை வாவிக்கரைத் தாழ்நிலங்களில் முற்றத்துத் தண்ணீர் போக வழியில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது தங்கள் ஒழுங்கையில் எதுவரை தண்ணீர் நின்றது என்று அயலவர்களிடம் கேளுங்கள். கையை வைத்து அளந்து காட்டுவார்கள்.

மழைக்காலம் வரை பொறுக்க முடியாதவர்கள் சுவரைப் பார்க்கலாம். இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிளக் பொயின்ட்கள் எல்லாம் நெஞ்சுயரத்தில் இருந்தால், அந்த வீட்டுக்காரர் ஒரு முறையாவது தண்ணீரில் நின்றவர் என்று பொருள். அலமாரியைச் சற்று நகர்த்தி அதன் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. பக்கத்து வளவுகளையும் விட்டுவிடக் கூடாது. சுற்றிலும் கிரவல் போட்டு உயர்த்திப் புதுவீடு கட்டியிருக்கிறார்கள், நீங்கள் பார்க்கும் வீடு மட்டும் பழைய மட்டத்திலேயே நிற்கிறது என்றால், எல்லார் தண்ணீருக்கும் உங்கள் முற்றம்தான் குளம்.

இனி இடங்கள். புளியந்தீவு, கோட்டமுனை, அரசடி ஆகிய நகர்ப்பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கந்தோரும் கடையும் காலடியில். வாடகை தலைக்கு மேல். பழைய வீடுகளில், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் வயரே இல்லாததைக் கண்டிருக்கிறேன். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் பிள்ளைகளோடு குடியேறும் முன் அதை மாற்றச் சொல்லுங்கள்.

கல்லடியும் நாவற்குடாவும்தான் வருகிறவர்கள் முதலில் ஆசைப்படும் இடங்கள். காரணம் இருக்கிறது. 1924இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு நகரம் கூப்பிடு தூரமாகிவிட்டது. ஆனால் பிரதான வீதிக்குக் கடற்பக்கம் வேறு, வாவிப்பக்கம் வேறு. கடற்பக்கத்தில் உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், கூரைத் தகட்டின் ஆணி, யன்னல் கொண்டி, மீட்டர் பெட்டியின் திருகாணி ஆகிய நான்கிலும் துருவைத் தேடுங்கள். மின்விசிறி புதிதாகத் தெரிந்தால் பழையதற்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடித் திருச்செந்தூர், டச்பார், நாவலடிப் பக்கம் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. புதிதாக வருகிறவர், வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு ஓட எந்த ஒழுங்கை நேராகப் போகிறது என்று ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். வாவிப்பக்கத்தில் துரு குறைவு. பிற்பகல் வெயில் கூடுதல். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு பார்த்த அறைக்குள் பகல் மூன்று மணிக்கு நின்று பார்த்தால் புரியும்.

தெற்கே போகப் போகக் காத்தான்குடி, ஆரையம்பதி. காத்தான்குடியில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும். காணி கிடைப்பதே அரிது. இப்படி நெருக்கமான இடங்களில் கிணற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கரையோர மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். அதனால் காலையில் மட்டும் சுவைத்துப் பார்க்காமல், மோட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் சுவையுங்கள். மலசலகூடக் குழி எங்கே என்றும் கேளுங்கள், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துத்தான். உங்கள் கிணற்றிலிருந்து 50 அடிக்குள் அது இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தருகிறார்கள். ஒழுங்கை வரை குழாய் வந்துவிட்டதா, வீட்டுக்கு இணைப்பு எடுத்தாயிற்றா என்பவை இரண்டு தனிக் கேள்விகள்.

வடக்கே திருகோணமலை வீதியில் தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி என்று நீண்டு போகும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்றால், கல்லடி ஆசையை விட்டுவிட்டுச் செங்கலடியில் பாருங்கள். கொழும்புக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு ஏறாவூரிலும் ரயில் நிற்கிறது. வேலை நகரத்திலானால் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸில் கந்தோர் வரை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய் "இருபது நிமிடம்தான்" என்று சொல்வது கணக்கில் சேராது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கும். வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்கும் படகை நம்பியிருக்க வேண்டியதில்லை. வளவு பெரிது, விலை குறைவு. ஆனால் வெள்ளத்தில் எந்தப் பாதை மூடுகிறது, இரவில் யானை எதுவரை வருகிறது என்று அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். வாங்குவதானால் அது சொந்த உறுதி எழுதிய உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த ஒப்பக் காணியா என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. தரகர் காட்டும் போட்டோப் பிரதியோடு நிற்காமல், உறுதிக் காணியானால் காணிப் பதிவகத்திலும், ஒப்பக் காணியானால் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

முதலாம் வகுப்புக்குப் பிள்ளை இருந்தால் வரிசையே மாறும். பாடசாலைக்கு அருகில் வசிக்கிறோம் என்று காட்ட வாக்காளர் இடாப்பில் பல வருடப் பதிவு வேண்டும். அனுமதி நேரத்தில் வீடு மாறி வந்து கேட்பது எடுபடாது.

வாடகை வீடு முடிவானால், கையெழுத்துப் போடும் முன் கடைசி மூன்று மின்பட்டியல்களை வாங்கிப் பாருங்கள். முன்னிருந்தவரின் நிலுவை உங்கள் தலையில் விழாது. எத்தனை யூனிட் ஓடுகிறது என்றும் தெரியும். பூட்டிக் கிடந்த வீட்டில் யூனிட் ஓடியிருந்தால், பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.