டிரான்ஸ்பர் கேஸ் ஷிப்ட் மோட்டாரை மாற்றும் முறை

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறித் தாளவாடிச் சேற்றில் நிற்கும்போது 4 வீல் டிரைவ் விழாமல் விளக்கு மட்டும் மினுக்கினால், டிரான்ஸ்பர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துவிடும் பெட்டி) 4 வீல் டிரைவுக்கு மாற்றும் ஷிப்ட் மோட்டாரைக் குறை சொல்லும் முன் ஃபியூஸையும் சாக்கெட்டில் பச்சை பூத்த முனைகளையும் பார்த்துவிட வேண்டும்.

சக்கரங்களுக்குக் கட்டாயம் கட்டை வைக்கவும். டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலுக்கு நழுவினால், கியரில் நிறுத்திய வண்டியும் உருண்டுவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அப்பிய செம்மண்ணைத் துடைத்து, சாக்கெட்டையும் போல்ட்டுகளையும் பிரித்து மோட்டாரை நேராக இழுக்கவும்.

மோட்டார் திருப்பும் டிரான்ஸ்பர் கேஸ் தண்டின் நுனி பெரும்பாலும் முழு வட்டமாக இராது. அது நிற்கும் கோணமும் புதிய மோட்டாரின் துளை நிற்கும் கோணமும் ஒன்றானால்தான் மோட்டார் உட்காரும். பொருந்தாவிட்டால் தண்டை மெல்லத் திருப்ப வேண்டுமே தவிர, போல்ட்டை முறுக்கி இழுத்தால் போல்ட் ஏறும் அலுமினியக் காது உடைந்துவிடும். அவசரக்காரர்கள் செலவு வைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு தார்ச்சாலையில் அல்லாமல், மண் தடத்தில் ஓட்டிச் சோதிக்கவும்.